பேர் இருக்கிற பக்கம்

எனக்கு மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரை தருகிறார்கள். முப்பது மாத்திரை. வீடு தேடி வந்து கொடுக்கிற திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து இருக்கத்தான் செய்கிறது. கால் நடக்கிறவரை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். திருவள்ளூர் பக்கம் ஒரு கிராமத்துப் பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவள் நான். வரிசையில் நிற்கிற முகங்களைப் பார்க்காமல் ஒரு மாதத்தைத் தள்ளுவது எனக்குச் சிரமம்.

அண்ணனூரில் விடிவது ரயில் சத்தத்தில்தான். ஒரு பக்கம் மின்ரயில் பணிமனை. ராத்திரி உள்ளே போன காலி வண்டிகள் காலையில் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆவடியிலிருந்து வருகிற வண்டியில் பெண்கள் பெட்டி நிறைந்தே வந்து நிற்கும். திருமுல்லைவாயல், அம்பத்தூர் தாண்டிப் பட்டரவாக்கத்தில் அந்தப் பெட்டி பாதி காலியாகிவிடும். எல்லாம் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள். கையில் டிபன் பை, கழுத்தில் அடையாள அட்டை, ஈரம் காயாத பின்னல். அந்தக் கூட்டம் ஏறிப் போன பிறகு ஸ்டேஷன் மூச்சு விடும். அதற்கப்புறம்தான் நான் கிளம்புவேன்.

சுகாதார நிலையத்துச் சுவர்கள் எனக்கு மனப்பாடம். கருவில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு படம், பிறந்த பிள்ளைக்கு ஒரு படம், பெற்றவளுக்கு நாலு படம். தடுப்பூசி அட்டவணை, தாய்ப்பால் வாரம், குடும்பநலம், 104, 1098 உதவி எண்கள். தாயும் ஆகாத, பிள்ளையாகவும் இல்லாத பதினாறு வயதுக்கு என்ன இருக்கிறது என்று தேடினால், மூலையில் ஒரு பலகை: ‘வளரிளம் பருவத்தினர் நலம்’. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்காக 2014 ஜனவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தின் பலகை. தயங்காமல் வரலாம் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பலகையின் ஆணியில் யாரோ ஒரு கறுப்புக் குடையை மாட்டிவைத்திருக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம் அது அங்கேயே தொங்குகிறது.

அந்தக் குடைக்குக் கீழேதான் அவளை முதலில் பார்த்தேன்.

ஜூன் மாதம், புதன்கிழமை. தடுப்பூசி நாள். கைக்குழந்தைகளின் அழுகையும் அதைச் சமாளிக்கிற ஆயாக்களின் சத்தமுமாக இடம் நிறைந்திருந்தது. ஓ.பி. சீட்டு வரிசையில் பள்ளிச் சீருடையில் ஒருத்தி. சுடிதார், மேலே கோட்டு, இரட்டைப் பின்னல். புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் வயிற்றோடு சேர்த்துக் கட்டிப் பிடித்திருந்தாள். வரிசை நகரும்போது அவள் நடக்கவில்லை, காலை இழுத்துக்கொண்டு போனாள். மேலுதட்டில் வியர்வை. உதடு வெளுத்து, தண்ணீரில் ஊறிய காகிதம் மாதிரி இருந்தது.

கவுன்ட்டரில் கேட்டார்கள். “என்ன தொந்தரவு?”

“வயித்து வலி.”

“கூட யார் வந்திருக்காங்க?”

“அம்மா வந்துனுகிறாங்க.”

பொய் என்று அந்தக் கவுன்ட்டர் பெண்ணுக்கும் தெரிந்திருக்கும். சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். வயது 16. வயிற்று வலி. அவள் பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரவில்லை. வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பெஞ்சில் கறை பட்டுவிடுமோ என்ற பயம். வேறென்ன? படிக்கட்டில் உட்கார்ந்த பெண் என்றால் எனக்கு இப்போதெல்லாம் ஒரு செய்திதான் நினைவுக்கு வருகிறது. 2025 ஏப்ரலில், கோவை மாவட்டம் கிணத்துக்கடவு பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, மாதவிலக்கு என்பதற்காக வகுப்பறைக்கு வெளியே படியில் உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். அவளை அங்கே உட்கார வைத்தது பள்ளிக்கூடம். இவளை யாரும் வெளியே அனுப்பவில்லை. தானாகவே படிக்கு வந்துவிட்டாள். எவ்வளவு தூரம் பழகிப்போயிருக்கிறது பாருங்கள்.

இரண்டு முறை எழுந்து குழாயடிக்குப் போனாள். வாந்தி. வாயைக் கொப்பளித்துத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு திரும்பினாள். மூன்றாவது முறை திரும்பும்போது, தடுப்பூசிக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்த ஓர் அம்மாள் எதிரே நின்றுவிட்டார்.

“இன்னாடி, இங்க இன்னா பண்ற? ஸ்கூலுக்குப் போவல?”

“இல்ல ஆன்ட்டி... ஃப்ரெண்டுக்காக வந்தேன்.”

“எந்த ஃப்ரெண்டு? ஒங்கம்மாக்குத் தெரியுமா?”

அவள் பதில் சொல்லவில்லை. சட்டென்று நிமிர்ந்தாள். அரை மணி நேரமாக மடங்கிக் கிடந்த உடம்பு, ஒரு தெரிந்த முகத்தைப் பார்த்ததும் எப்படி அவ்வளவு நேராக நிமிர்ந்தது என்பதை நான் பார்த்தேன். “பஸ்ஸுக்கு லேட்டாச்சு ஆன்ட்டி” என்று கேட்டைத் தாண்டி நடந்து போய்விட்டாள். தெருமுனை திரும்பும்வரை நேராகத்தான் நடந்தாள். அதற்கப்பால் சுவர் மறைத்துவிட்டது.

சீட்டு படிக்கட்டில் கிடந்தது. எடுத்து மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். எதற்கென்று கேட்டால் தெரியாது. தாள்களைத் தரையில் விட மனம் வராத தொழில் என்னுடையது.

முப்பது வருஷம் நான் வாங்கி அடுக்கிய விடுப்புக் கடிதங்களில் ‘காய்ச்சல்’ என்றுதான் இருக்கும். கிட்டத்தட்ட நாலு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே பிள்ளைக்கு, ஒரே ஒரு நாள் காய்ச்சல். கீழே அப்பா கையெழுத்து. பதிவேட்டைப் புரட்டினால் எந்தப் பிள்ளைக்கு எந்த வாரம் காய்ச்சல் வரும் என்று நானே சொல்லிவிடுவேன். சொன்னதில்லை. தூரம், ஒதுங்கியிருக்கா, தலைக்கு ஊத்திக்கிட்டா, லீவு, டேட், ‘அது’. நம்மிடம் அதற்கு எத்தனை சொல் இருக்கிறது! அத்தனையும் அதைச் சொல்லாமல் இருப்பதற்கு. ‘புதுயுகம்’ திட்டத்தில் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் வந்த புதிதில், பெட்டிகளை என் அறையில்தான் இறக்கினார்கள். இருப்புப் பதிவேட்டில் என்ன தலைப்புப் போடுவது என்று தலைமையாசிரியை வெகுநேரம் யோசித்துவிட்டு, “இதரப் பொருட்கள்னு எழுதுங்க” என்றார். எழுதினேன்.

அடுத்த மாதம் எனக்கு மாத்திரை தீர முப்பது நாள் ஆகும். அவளுக்கு இருபத்தெட்டு. விடுப்புக் கடிதங்கள் கற்றுக்கொடுத்த கணக்கு. இருபத்தெட்டாம் நாளே போய் உட்கார்ந்தேன். அதுவும் புதன்கிழமை, தடுப்பூசி நாள், ஊரே இருந்தது. அவள் வரவில்லை. மாத்திரையும் வாங்காமல் எழுந்து வந்தேன். மறுநாள் வியாழன், கூட்டமில்லை. நான் போனபோது படிக்கட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். அவள், அவளுடைய சினேகிதி.

சினேகிதி இவளைவிடக் குட்டை. ஆனால் வாய் இவளுக்கும் சேர்த்துப் பேசுகிற வாய். கவுன்ட்டரில் “கூட யாரு?” என்றதற்கு “நான்தான்” என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தாள்.

டாக்டர் அறைக்குக் கதவு உண்டு, மூடுவதில்லை. நடுவில் ஒரு பச்சைத் திரை. அதற்கு வெளியே போட்ட பெஞ்சின் முதல் இடம் எனக்கு. ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“சாப்டியா?” என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. இளவயசு டாக்டர். பெண்.

“இல்ல மேடம்.”

“இன்னிக்கு எத்தனாவது நாள்?”

“காலைலதான் ஆரம்பிச்சுது.”

“எப்பலேர்ந்து இவ்வளவு வலி?”

“எட்டாவதுல வயசுக்கு வந்தேன். மொத ஒரு வருஷம் ஒன்னும் தெரியல. அப்புறம்தான் மாசாமாசம்.”

“வாந்தி?”

“ரெண்டு வாட்டி. மோஷனும் லூசா போவும்.”

“பிரேயர்ல மயக்கம் போட்டு வுழுந்துட்டா மேடம்” என்றாள் சினேகிதி.

ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டியாகப் படுகிறதா, மற்ற நாட்களில் வலி உண்டா, மலஜலம் போகும்போது வலிக்கிறதா. கேள்விகள் வரிசையாக வந்தன. பதில்கள் சின்னச் சின்னதாக வந்தன. இந்தக் கேள்விகளை அவளிடம் யாரும் இதற்குமுன் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் குரலில் ஒரு வியப்பு இருந்தது. தன் வலிக்கு இவ்வளவு விவரம் இருக்கிறதா என்கிற வியப்பு.

“இதுவரைக்கும் என்ன பண்ணீங்க?”

“ஆயா வெந்தயம் குடுப்பாங்க. மோர்ல பெருங்காயம் போட்டுக் குடுப்பாங்க.”

“மாத்திரை?”

மௌனம். சினேகிதிதான் உடைத்தாள். “மெடிக்கல்ல நான்தான் மேடம் வாங்கியாந்து குடுத்தேன். நாலு வாட்டி. காலி அட்டையக் காட்டினா குடுப்பாங்க, பேரு சொல்லத் தேவையில்ல.”

அந்த மாத்திரை எது என்று நமக்குத் தெரியும். மருந்துக் கடைகளில் இந்த வலிக்கென்றே பேர் போனது, மெஃபெனமிக் அமிலம் சேர்ந்தது. 2023 நவம்பர் கடைசியில் இந்தியன் பார்மகோபியா கமிஷன் அந்த மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை கொடுத்தது. சிலருக்கு அபூர்வமாகக் காய்ச்சல், தோலில் தடிப்பு என்று ஆரம்பித்து உள்ளுறுப்புவரை தாக்குகிற கடும் ஒவ்வாமை வரலாம், கவனிக்க வேண்டும் என்று. விற்கக் கூடாது என்று சொல்லவில்லை. யார் எழுதிக் கொடுத்தார்கள், யார் கவனிக்கிறார்கள் என்பதுதான் விஷயம். டாக்டரும் அதைத்தான் சொன்னார். “மாத்திரை தப்பில்ல. யாருக்கும் தெரியாம போட்டுக்கறதுதான் தப்பு. ஆஸ்துமா இருந்தா, அல்சர் இருந்தா, கிட்னில பிரச்சினை இருந்தா மெடிக்கல்ல கேப்பாங்களா?”

பிறகு, “அம்மாக்குத் தெரியுமா?”

இந்த முறை சினேகிதிகூட உடனே பேசவில்லை. “மாத்திரை போட்டா பின்னாடி கொழந்த தங்காதுன்னு அவங்க ஆயா சொல்றாங்க மேடம். அவங்கம்மா மாத்திரைன்னாவே கத்துவாங்க. கல்யாணம் ஆவாத பொண்ணு லேடி டாக்டராண்ட போனா நாலு பேரு இன்னா பேசுவாங்கன்னு...”

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய ஆஸ்பத்திரி இருக்கிறது. இன்று கஸ்தூரிபா காந்தி பேர். ஆனால் வயசானவர்கள் வாயில் அது ‘கோஷா ஆஸ்பத்திரி’. மேரி ஷார்லிப் என்கிற பெண் மருத்துவர் முன்நின்று 1885இல் தொடங்கியது. ஆண் மருத்துவர் முன்னால் வரமாட்டோம் என்று திரைக்குப் பின்னால் இருந்த பெண்கள் வலியோடு செத்துக்கொண்டிருந்ததால், அவர்களைப் பார்க்கப் பெண் மருத்துவர்களோடு ஓர் இடம் வேண்டியிருந்தது. அன்றைக்குப் பெண் டாக்டர் இல்லை என்பது தடை. இன்றைக்கு, பெண் டாக்டரிடம் போனாள் என்பதே பேச்சு.

பதினெட்டு ஆகாத பிள்ளை தனியாக வந்தால் “பெரியவங்களக் கூட்டிட்டு வா” என்று திருப்பி அனுப்புவது பல இடங்களில் வழக்கம். சட்டம் அவ்வளவு கறாராக இல்லை. ஓய்வுபெற்ற கிளார்க்குக்குச் சட்டப் பிரிவு படிப்பது பொழுதுபோக்கு. ஒருவருடைய நன்மைக்காகச் செய்யும் காரியத்துக்கு யார் சம்மதம் தரலாம் என்பதில், பழைய இந்திய தண்டனைச் சட்டம் 89, 90ஆம் பிரிவுகளில் கிழித்த கோடு 12 வயது. 2024 ஜூலை 1இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 27, 28ஆம் பிரிவுகளாக அதே கோடுதான். ஆபரேஷன் என்றால் பெற்றவர் கையெழுத்துக் கேட்பார்கள், கேட்கட்டும். உட்காரவைத்து “சாப்டியா” என்று கேட்க யார் கையெழுத்து வேண்டும்?

இந்த டாக்டர் திருப்பி அனுப்பவில்லை. திரைக்குப் பின்னால் நிழல் தெரிந்தது. கையை நீட்டி முஷ்டியாக மடக்கிக் காட்டினார்.

“கர்ப்பப்பை ஒரு தசைம்மா. இந்தக் கை மாதிரி. உள்ள இருக்கறத வெளிய தள்ளறதுக்கு இப்படி இறுக்கி இறுக்கி விடும். இறுக்குன்னு சொல்றது புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு ரசாயனம். உனக்கு அது ஜாஸ்தி சுரக்குது. ரொம்ப இறுக்கும்போது அந்தத் தசைக்கே ரத்தம் போறது குறைஞ்சிடும். அதுதான் வலி. அதே ரசாயனம் குடலையும் விடாது, அதான் வாந்தி, மோஷன். நீ பொய் சொல்லல. ஓவரா ஆக்டிங் பண்ணல.”

அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்துக்குத்தான் அவள் அழுதாள். வலிக்கு அழவில்லை.

“மாத்திரை என்ன பண்ணும்னா, அந்த ரசாயனம் உண்டாகறதையே தடுக்கும். அதனால தாங்க முடியாமப் போனப்புறம் போட்டா பாதிதான் கேக்கும். ஆரம்பிச்சவுடனே, சாப்பிட்டுட்டுப் போடணும். ரெண்டு நாள், மிஞ்சினா மூணு நாள். தோல்ல தடிப்பு வந்தா உடனே நிறுத்திட்டு வா. மூணு மாசம் பாப்போம். கேக்கலன்னா ஸ்கேன். வயித்து மேலதான் எடுப்பாங்க, பயப்படாதே. ரத்தமும் இன்னிக்கே டெஸ்ட் பண்ணிக்கோ.” தமிழ்நாட்டில் இந்த வயதுப் பெண் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. வெளுத்த அந்த உதட்டுக்கு ஒரு கணக்கெடுப்பு தேவையில்லை.

மருந்து ஜன்னலில் கத்தரிக்கோல் ஓயாது. அரசு மருந்துகள் பெரிய பெரிய அட்டையாக வரும். பின்னால் வெள்ளிக் காகிதத்தில் தமிழ்நாடு அரசு முத்திரை, விற்பனைக்கு அல்ல என்ற எழுத்து. எழுதிய எண்ணிக்கைக்கு வெட்டிக் கொடுப்பார்கள். அவளுக்கு ஆறு மாத்திரை. மருந்தாளுநர் வெட்டியபோது பேர் போட்ட முனை அவர் கையிலேயே நின்றுவிட்டது. கைக்கு வந்தது வெறும் வெள்ளி முதுகோடு ஆறு குமிழ். அவள் பையைத் திறந்து ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்தாள். கோணமானிக்கு அடியில் அந்தத் துண்டை வைத்து மூடினாள். சினேகிதி கேண்டீனிலிருந்து இரண்டு இட்லி வாங்கி வந்து “துன்னுட்டுப் போடு” என்றாள்.

நானும் என் முப்பதை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என்ன வார்த்தை என்றுதான் தெரியவில்லை. என் காலத்தில் நான் கோணிப்பையில் குப்புறப் படுத்திருந்த நாட்களை இவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மூன்றாவது மாதம் நான் போனபோது, அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். படிக்கட்டில் அல்ல. பக்கத்தில் அவளுடைய அம்மா. கேள்வி கேட்க வேண்டியதில்லை. அதே நெற்றி, அதே மூக்கு. ஆஸ்பத்திரிக்கு என்று கட்டிய புடவை, இன்னும் கழற்றாத கம்பெனி அடையாள அட்டை. அரை நாள் சம்பளம் போயிருக்கும். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் ஒருவர் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது உள்ளே எட்டிப் பார்த்தார், யாராவது பார்த்தால் மறுபடி போன். அப்பா.

அம்மாவின் கை மூடியிருந்தது. திரைக்குள் போனதும் அந்தக் கை மேசைமேல் திறந்தது.

“இது இன்னா மாத்திரை மேடம்? பேரே இல்ல. நோட்டு டப்பாக்குள்ள வெச்சிருக்கா. யார் குடுத்தது, எதுக்குக் குடுத்தீங்க?”

“நான்தான் குடுத்தேன். உக்காருங்கம்மா.”

“பெத்தவங்களக் கேக்காம எப்படிக் குடுப்பீங்க?”

“உக்காருங்க.”

நாற்காலி இழுபடும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அந்த அம்மாவின் குரல். கோபம் இறங்கி வேறொன்றாக மாறியிருந்தது.

“நானும் துன்னிருக்கேன் மேடம் இந்த மாதிரி. பேரில்லாதது. கம்பெனில. அந்த நாள்ல வயித்தப் புடிச்சுக்கினு மெஷின்ல குந்த முடியாது. எந்திரிச்சுப் போனா அரை நாளு கட்டு. சூப்பரவைசர் ஒரு மாத்திரை குடுப்பாரு. கவரும் கெடையாது, அட்டையும் கெடையாது, வெறும் கையில. போட்டா ஒரு மணி நேரத்துல நின்னுடும். திரும்ப தெச்சுக்கினே இருப்போம். எத்தன வருஷம்! அப்புறம் எனக்கு கர்ப்பப்பைல கட்டி வந்துச்சு. இவளுக்குப் பின்னாடி ஒன்னு தங்கி, அதுவும் நிக்கல. அந்த மாத்திரை இன்னா மாத்திரைன்னு இன்னிக்கு வரிக்கும் எனக்குத் தெரியாது.”

பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்.

அவர் சொன்னது அவர் ஒருவரின் கதை இல்லை. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்கிற சுமார் நூறு பெண்களிடம் பேசி இதை வெளியே கொண்டுவந்தார்கள். மாதவிலக்கு வலிக்கு வேலையிடத்தில் மாத்திரை தருகிறார்கள், கொடுப்பவர் டாக்டர் இல்லை, மாத்திரையில் பேர் இல்லை, காலாவதித் தேதி இல்லை, பக்கவிளைவு பற்றிச் சொன்னவர் இல்லை. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் தங்கள் உடம்பு கெட்டது அதனால்தான் என்று நம்பினார்கள். அந்த மாத்திரைகளை மருத்துவர்களிடம் காட்டியபோது, இபுப்ரொஃபென் வகையைச் சேர்ந்தவை என்றார்கள். விஷம் இல்லை, மர்மம் இல்லை. மேசைமேல் கிடந்த அந்த வெள்ளித் துண்டில் இருப்பதும் அதே வகைதான்.

ஆயா சொன்னதைக் கேட்டு மூடநம்பிக்கையில் தடுக்கிற அம்மா என்று நானும் நினைத்திருந்தேன். இந்த அம்மா பட்டறிவில் தடுக்கிறவர். மெஷின் நிற்கக் கூடாது என்பதற்காக ஒருவர் கொடுத்த மாத்திரைக்கும், பிள்ளை நிற்கட்டும் என்பதற்காக ஒருவர் கொடுத்த மாத்திரைக்கும் வித்தியாசம் சொல்ல, அவர் கையில் இருந்த துண்டில் ஓர் எழுத்துகூட இல்லை. பிள்ளையும் அம்மாவைப் போலவே பேர் தெரியாமல், யாருக்கும் தெரியாமல் விழுங்கியிருக்கிறாள். தனக்கு நடந்தது மகளின் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் கிடந்தால் எந்தத் தாய்க்குத்தான் பதறாது?

டாக்டர் உடனே சமாதானம் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. “உங்களுக்கு என்ன குடுத்தாங்க, எவ்வளவு நாள் குடுத்தாங்க, அதனாலதான் கட்டி வந்துதான்னு என்னால இப்ப சொல்ல முடியாதும்மா. யாராலயும் முடியாது. பேரு தெரியாம எதச் சொல்றது? அதான் அவங்க செஞ்ச தப்பு” என்றார். கொஞ்சம் விட்டு, “உங்களுக்கும் இவ வயசுல இப்படித்தான் வலிச்சுதா?”

“இதவிட.”

“வீட்ல என்ன சொன்னாங்க?”

“அம்மா உளுந்தங்களி கிண்டிக் குடுப்பாங்க. பொறுத்துக்கோ, கல்யாணமானா சரியாப் பூடும்னாங்க.”

“போச்சா?”

அந்த அம்மா சிரித்தார். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம். மகளும் சிரித்தாளா என்று திரை சொல்லவில்லை.

டாக்டர் மறுபடி முஷ்டியை மடக்கிக் காட்டினார். இந்தத் தடவை அம்மாவுக்கு. இது கருத்தடை மாத்திரை இல்லை, பின்னால் குழந்தை பிறப்பதற்கும் மாதத்தில் இரண்டு மூன்று நாள் போடுகிற இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். கவனிக்காமல் விடுவதில்தான் சில சமயம் ஆபத்து என்றார். கர்ப்பப்பையின் உட்படலம் மாதிரியான திசு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ் என்றொரு நோய் உண்டு. உலகத்தில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, சுமார் 19 கோடிப் பேருக்கு இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பொறுத்துக்கொள், பொறுத்துக்கொள் என்று சொல்லியே அதைக் கண்டுபிடிக்கப் பல வருஷங்கள் ஓடிவிடுகின்றன. “இவளுக்கு அது இருக்குன்னு சொல்லல. மாத்திரை கேக்குதுன்னா பெரும்பாலும் இல்ல. கேக்கலன்னா எழும்பூர் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். நீங்களும் கூட வாங்க. உங்க கட்டியையும் அப்படியே காட்டிடலாம்.”

“போன மாசம் கேட்டுச்சா?” என்றார் அம்மா. டாக்டரிடம் இல்லை, மகளிடம்.

“ம். ஸ்கூலுக்குப் போனேன்மா. பிரேயர்ல நின்னேன்.”

“எங்கிட்ட சொல்லலாமில்ல?”

அதற்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியும் பதிலுக்காகக் கேட்டது மாதிரி இல்லை.

மருந்து ஜன்னலில் அவர்களுக்குப் பின்னால் நான் நின்றேன். அம்மா முன்னால், பிள்ளை பக்கத்தில். மருந்தாளுநர் பெரிய அட்டையை எடுத்துக் கத்தரியை வைத்தார். ஜன்னல் கம்பிக்குள் ஒரு கை நுழைந்து அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டது. தையல் மெஷினில் பல வருஷம் துணி தள்ளிய கை. ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி ஏறிய பழைய தழும்பு.

“பேரு இருக்கற பக்கமா வெட்டிக் குடுங்க சார்.”

“எல்லாம் ஒரே மாத்திரைதாம்மா.”

“இருக்கட்டும். பேரு இருக்கற பக்கம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அட்டையைத் திருப்பி, மறுமுனையிலிருந்து ஆறு எண்ணி வெட்டினார். அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு மகளிடம் நீட்டினார். “படி, இன்னா போட்டிருக்கு?”

பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கொஞ்சம் சத்தமாகவே படித்தாள். வரிசையில் ஆண்களும் இருந்தார்கள். அம்மா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். முதல் தடவை தடுக்கியது, இரண்டாவது தடவை வந்துவிட்டது. சுருக்குப்பையில் வைத்து முடிந்துகொண்டார். ஜியாமெட்ரி பாக்ஸ் திறக்கவேயில்லை.

கேட்டில் அப்பா ஸ்கூட்டரைத் திருப்பினார். “இன்னா சொன்னாங்க?” என்றார். மூவரும் ஏறிக்கொண்டார்கள். அம்மா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பணிமனைக்குள் ஒரு காலி வண்டி ஊதிக்கொண்டே நுழைந்தது.

என் முறை. மருந்தாளுநர் பழக்கத்தில் முப்பதை வெட்டி, காகித உறையில் போட்டுக் கொடுத்தார். நானும் பழக்கத்தில் பைக்குள் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். படிக்கட்டில் நின்று உறையைப் பிரித்தேன். ஏழு வருஷமாகத் தினம் விழுங்குகிறேன். வீட்டில் இதற்கு ‘காலை மாத்திரை’ என்று பேர். அட்டைத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெறும் வெள்ளி முதுகு.

திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றேன்.